பகலும் இரவும் நிறுத்தலாம்

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் உங்கள் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று தெரியும். ஆனால் நாங்கள் நலமாக இல்லை. இதைப் படித்து முடித்ததும் நீங்களும் இருக்க மாட்டீர்கள். உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பா என் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதனால் இதை வாசலில் கிடக்கும் உங்கள் செருப்புக்குள் வைக்கிறேன். காலையில் எங்களை விமானம் ஏற்றிவிட வருவீர்களே, அப்போது காலை நுழைக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது கார்ச் சாவியைக் கொடுத்து, நீலக் கோட்டுக்குள் நிறுத்தினால் வந்த நேரம் முன் கண்ணாடியில் தெரிகிற மாதிரி, காரில் இருக்கும் அட்டைக் கடிகாரத்தின் முள்ளை... என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். "முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன் மச்சான், எனக்கு நிறுத்தத் தெரியாதா" என்று அப்பா பாதியிலேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இன்று மதியம் அருங்காட்சியகம் பக்கத்தில் நீலக் கோட்டுக்குள்தான் நிறுத்தினோம். அப்பா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், தட்டினார், பேட்டரி எங்கே போடுவது என்று முதுகைப் பிரிக்கப் பார்த்தார். ஓடாத கடிகாரத்தைக் கண்ணெதிரே வைத்தால் போகிற காரியம் விளங்காது என்று அம்மா அதை வாங்கி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டாள். காரியம் நன்றாகவே விளங்கியது. திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஒரு மஞ்சள் தாள்.

இந்த ஊர்ப் பாஷையைப் பள்ளியில் படிக்கிறவள் என்பதால் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது பழங்களும் நிறங்களும்தான். அந்தத் தாளில் ஒரு பழம்கூட இல்லை மாமா. 'உங்கள் கார்', 'இன்று', 'ஐம்பது', இவ்வளவுதான் புரிந்தது.

"ஐம்பது பணமா, ஐம்பது நாளா? சரியாப் படி பாப்பா."

"நாள்னு இல்லப்பா."

"இல்லையா, உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. தம்பி காரில் கை வைக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். அபராதம் பாக்கி இருந்தால் விமான நிலையத்தில் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று அப்பாவின் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்களாம். அதிலிருந்து அவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்து ஒரு கையால் பொத்திக்கொண்டேதான் நடக்கிறார், சாப்பிடுகிறார், படுத்திருக்கிறார்.

போலீஸ் தேடி வந்தால் கார் கண்ணில் படக் கூடாது என்று வழக்கமான இடத்தை விட்டு உங்கள் வீட்டுக்குப் பின் தெருவுக்குப் போனோம். தெரு முழுக்க அடைத்துக்கொண்டு கார்கள், ஒரு பச்சை இரும்புக் கதவுக்கு முன்னால் மட்டும் காலி. ஏன்பா இங்கே மட்டும் யாரும் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நல்ல இடம் நல்லவங்களுக்குத்தான் அமையும் என்றார். கதவில் ஒரு பலகை இருந்தது. மேல் வரி புரியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கீழ் வரி 'பகலும் இரவும்'. அது எங்கள் இரண்டாம் பாடம். அதைத்தான் சொன்னேன்.

"பகலும் இரவும் நிறுத்தலாமா? எவ்வளவு பெரிய மனசு" என்று அப்பா கதவைக் கும்பிடாத குறை.

மாமா, லிஃப்ட் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று விளக்கை அணைத்துவிடுகிறேன். அப்பாவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிடுவார்களா? ஐம்பது நாள் ஜெயில் என்றால் பாதியை நான் இருக்கிறேன் என்று அவர்களிடம் பேசிப் பாருங்கள், எனக்கு இன்னும் லீவு இருக்கிறது. மஞ்சள் தாளையும் இன்னொரு செருப்பில் வைக்கிறேன்.

ஆசீர்வாதம் எழுத எனக்கு வயசு போதாது. உங்களுடையதை எங்கள் மூவருக்கும், அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டி,

பணிவுடன்,
பாப்பா

பின்குறிப்பு: அப்பா குறட்டை விடத் தொடங்கியதும் அந்த அறைக்குள் போய் உங்கள் அகராதியை எடுத்து வந்தேன். 'உங்கள் காரை இன்றே கழுவுங்கள், ஐம்பது சதவீதம் தள்ளுபடி.' அது அபராதமே இல்லை மாமா. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அந்தச் சந்தோஷத்தில் உள்ளங்கை வரியையும் தேடினேன். 'வழியை மறிக்காதீர்.' இப்போது பின் தெருவில் ஆரஞ்சு விளக்கு சுற்றுகிறது. வாளியைக் கவிழ்த்து ஏறி ஜன்னலில் பார்த்தேன். கொக்கி வைத்த லாரி ஒன்று உங்கள் காரைப் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. இந்த ஊரில் பகலும் இரவும் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் டாக்சியில் வந்திருந்தால், அதை அனுப்பிவிடாதீர்கள்.