டொலருக்கு முதுகு காட்டிய வேண்டாமக்கா

திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், கடைசியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வேண்டாமக்கா மட்டும் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ஒருவரும் பிடித்திருக்க முடியாது. கப்பலைக் கடலிலேயே நிறுத்திவிட்டு, அக்கா சொன்ன விலையைக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டுதான் ஒவ்வொருவரும் கரையேறியிருப்பார்கள்.

அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் வீதியில் அது தெரிந்தவர் அவருடைய கணவர் மட்டும்தான். அவரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பேரம் பேசுவதில் அக்காவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். கடைக்காரர் விலை சொல்வார். அக்கா அதில் அரைவாசி சொல்வார். கடைக்காரர் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். “அப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். அந்த நடையில் கோபம் இராது, அவசரம் இராது. கோயில் வீதியைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

“திரும்பிப் பாத்தா அவன்ரை விலை, பாக்காட்டி என்ரை விலை. அவ்வளவுதான் தம்பி வியாபாரம்” என்று எனக்கு ஒருமுறை விளக்கினார்.

பாரை மீனைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு மீன்காரர் பஸ் நிலையம்வரை அக்காவின் பின்னால் ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது. பல் வைத்தியரின் கதை அதைவிட மோசம். விறைப்பு ஊசி போட்டபிறகுதான் அக்காவுக்குக் கட்டணத்தைக் கேட்கும் யோசனை வந்தது. கேட்டார். வைத்தியர் சொன்னார். “அப்ப வேந்தாம்” என்று பாதி வாயால் சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் வைத்தபடி வைத்தியர் வாசல்வரை வந்து கூப்பிட்டாராம்.

கலியாணமும் அப்படித்தான். பேசி முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு மோட்டார் சைக்கிளும் வேண்டும் என்றிருக்கிறார்கள். பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, மணப்பெண்ணே “அப்ப வேண்டாம்” என்று சொல்லிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை எழுந்து குசினி வாசலுக்கு வந்து, “எனக்குச் சைக்கிளே போதும்” என்றாராம். அவர்தான் அண்ணர். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். எவ்வளவு பெரிய கப்பலையும் சத்தமில்லாமல் இழுத்து வந்து கட்டிவிடுகிற கூட்டத்தைச் சேர்ந்த ஆள். கலியாணத்துக்குப் பிறகும் சத்தமில்லை.

அவர்களுடைய மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கீழே அக்காவின் சலவைக்கடை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகளும் துவாய்களும் அங்கேதான் வரும். ஓய்வு பெற்ற அண்ணர் வான் ஓட்டினார். தோய்க்கிற வேலைக்கு லிங்கநகரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சில பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கிண்ணியா ரஹ்மத்தும்மா.

அக்காவுக்கு ஒரு பெரிய சலவை மெஷின் வாங்க ஆசை. வீட்டு மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு ஹோட்டல் விரிப்பைத் தோய்ப்பது, சிரட்டையால் கிணறு இறைக்கிற மாதிரி. பினாங்கில் ஹோட்டல் மெஷின்களைத் திருத்திப் புதிதாக்கி விற்கும் ஒரு சீனரை நான்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். எல்லாம் சரிவந்து, காசு அனுப்பவேண்டிய நேரத்தில்தான் எங்கள் ரூபா விழுந்தது. சும்மா விழவில்லை. மாடிப்படியில் வழுக்கியவன் ஒவ்வொரு படியிலும் இடுப்பை இடித்துக்கொண்டு இறங்குவது போல விழுந்தது.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி பொறுமையான இளைஞர்.

“அக்கா, மெஷின்ரை விலை கூடேல்லை. டொலர்ரை விலைதான் கூடிப்போச்சு” என்றார்.

“டொலரை ஆர் விக்கிறது?”

“நாங்கள்தான்.”

“அப்ப குறையுங்கோ.”

“அது எங்கடை கையிலை இல்லை அக்கா.”

“அப்ப வேண்டாம்” என்றார் அக்கா. கதிரையைத் தள்ளினார், எழுந்தார், நடந்தார்.

வாசலுக்கு வெளியே நான் பிடித்துக்கொண்டேன். “அக்கா, டொலர் மீன்காரன் இல்லை. பின்னாலை ஓடி வராது.”

“எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் தம்பி, வராத மாதிரி நிப்பினம்.”

அன்றைக்குத் தொடங்கியது அந்த விரதம். வங்கி வாசலில் நாணய மாற்று விலை ஓடும் மின்பலகை ஒன்று இருந்தது. அக்கா தினமும் அந்த வழியால்தான் சந்தைக்குப் போகவேண்டும். போனார். ஆனால் பலகை இருக்கும் பக்கம் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார். மழையில்லாத நாளில், வெயிலில்லாத பக்கத்தில் குடை பிடித்துப் போகிற ஒரே மனிதர் திருகோணமலையில் அவர்தான். தொலைக்காட்சியில் ரூபாவின் பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். நாங்களும் அவர் முன்னால் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. விலை கேட்டுவிட்டு நடக்கிறவர் கடையை எட்டிப் பார்ப்பாரா என்பது அவருடைய நியாயம்.

கஷ்டகாலம் மெல்லக் கழிந்தது. வெள்ளைக்காரர் மறுபடி வரத் தொடங்கினார்கள். விரிப்புகள் மலைபோலக் குவிந்தன. வீட்டு மெஷின் இரண்டும் அடுத்தடுத்து உயிரை விட்டன. பெண்கள் சீமெந்துத் தொட்டியில் கையால் தோய்த்தார்கள். அக்காவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு தொட்டியில் நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் ஆகப் பெரிய ஹோட்டலின் மனேஜர் வந்தார். நல்ல மனிதர், சொல்லக் கஷ்டப்பட்டுச் சொன்னார்.

“அக்கா, சீசன் தொடங்கினா எனக்கு ஒவ்வொரு நாளும் அண்டண்டைக்கு விரிப்பு வேணும். உங்களாலை ஏலாட்டிக் கொழும்புக் கம்பனி ஒண்டு எடுக்கிறன் எண்டு நிக்குது. நான் என்ன செய்ய?”

அந்த ஹோட்டல் போனால் மற்றவைகளும் போகும். கடையை மூடவேண்டியதுதான். அது எல்லாருக்கும் தெரிந்தது. அன்று பின்னேரம் ரஹ்மத்தும்மா வெடித்துப்போன கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “புள்ள, நகைய வெச்சாவது அந்த மெஷின வாங்கினா என்ன? எங்கட காப்பும் இருக்குதுதானே.”

அக்கா அடுத்த விரிப்பை எடுத்துத் தொட்டியில் போட்டார். அடுத்த நாள் நானும் அவரும் வங்கி வாசலால் போனபோது நடை ஒரு கணம் நின்றது. தலை திரும்பவில்லை. ஆனால் குடை ஆடியது.

“தம்பி, இவன் கூப்பிடாமலே விட்டிடுவானோ?” என்று கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை.

பங்குனி பிறந்தபோது அதிசயம் நடந்தது. ரூபா எழும்பத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு, நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்தவன் திடீரென்று எழுந்து சோறு கேட்கிற மாதிரி, கிடுகிடுவென்று. அலுவலகத்தில் நாங்கள் வேலையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வீட்டுக்கு ஓடினேன். அண்ணர் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.”

“அப்ப அக்காவுக்குச் சொல்லுவமே?”

“நாங்கள் சொன்னா அவ வரமாட்டா. கடைக்காரன் கூப்பிடோணும்.” வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “நான் ஒருக்கா பாங்குக்குப் போட்டு வாறன்.”

மறுநாள் அக்கா குடையைச் சாய்த்துக்கொண்டு வழக்கம்போல வங்கியைக் கடந்தார். சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். கண்ணாடிக் கதவு திறந்தது. கழுத்துப்பட்டி கட்டிய அந்த இளைஞர் படிகளில் இறங்கி வந்து, நடைபாதையில் நின்று, மீன்காரர்கூட அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார், அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டார்.

“அக்கா, ஒருக்கா நில்லுங்கோ. குறைச்சுத் தாறம், வாங்கோ.”

வீதியில் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வங்கி குறைத்துத் தருகிறது என்றால் யார்தான் நிற்க மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் தன் வானில் சாய்ந்துகொண்டு அண்ணர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா குடையை மடக்கினார். அந்த முகத்தில் வந்த ஒளியைப் பார்க்க, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கு ஊதியிருக்கவேண்டும். ஊதவில்லை. அது அவற்றின் குறை.

பக்கத்து நகைக்கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். “அவசரப்படாதேங்கோ அக்கா. டொலர் இன்னும் இறங்கும் எண்டு சொல்லுகினம். கொஞ்சம் பொறுங்கோ.”

“கூப்பிட்ட பிறகும் நிண்டு இழுக்கிறது மரியாதை இல்லைத் தம்பி,” என்று சொல்லிவிட்டு அக்கா படியேறினார்.

ஆனால் பினாங்குச் சீனருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. காசு அனுப்ப முன்னர் அவரோடு காணொளியில் ஒரு பேச்சு நடந்தது. நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ரூபா ஏறினால் அது ரூபாவின் கெட்டித்தனம், மெஷின்காரர் தன் பங்குக்கு என்ன குறைக்கிறார் என்று கேட்கச் சொன்னார் அக்கா. அவர் பணிவாக, ஒன்றும் குறைக்க ஏலாது என்றார். நான் அதை முழுதாக மொழிபெயர்க்கவும் இல்லை, அக்கா எழுந்து போய்விட்டார். திரையில் வெறும் கதிரை. நானும் சீனரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் அக்கா கொடியில் துவாய் காயப்போடுவது தெரிந்தது.

“அவருக்குச் சுகமில்லையா?” என்று சீனர் கேட்டார்.

“சுகம்தான். வேண்டாமாம்.”

அவர் நெற்றியைத் தடவினார். தன் தாயாரும் சந்தையில் இப்படித்தான் என்றார். பிறகு, விலையில் கைவைக்க முடியாது, ஆனால் விரிப்புத் தேய்க்கிற உருளை மெஷின் ஒன்றைச் சும்மா சேர்த்து ஏற்றிவிடுகிறேன், அவரைத் தயவுசெய்து வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். அக்கா வந்து உட்கார்ந்தார். சீனர் கைகூப்பினார். அக்காவும் கூப்பினார். இரண்டு பெரிய படைகள் சமாதானமானது போல இருந்தது.

அடுத்த சண்டை எனக்கு. “வாசல்லை நிண்டு பாத்தா ஹாபர் தெரியுது. என்ரை மெஷின் என்னத்துக்குக் கொழும்புக்குப் போய் வரோணும்?” என்று அக்கா கேட்டார். இங்கே கோதுமையும் சீமெந்தும் வரும், கொள்கலன் ஏற்றும் பெட்டிக் கப்பல் வராது என்று நான் சொன்னேன். துறைமுகத்தைக் கட்டியவன் நானே என்பது போல என்னைப் பார்த்தார்.

மெஷின் லொறியில் வந்து இறங்கிய நாளில் வீதியே கூடிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, அது கடை வாசலுக்குள் போகாது. சுவரை உடைத்துத் திரும்பக் கட்ட மேசன் ஒரு விலை சொன்னார். அக்கா வாயைத் திறக்க முன்னரே அண்ணர் பெரிய சுத்தியலைத் தூக்கிச் சுவரில் ஒன்று போட்டார். அந்த ஆள் சத்தம் எழுப்பி நாங்கள் பார்த்த முதல் நாள் அது. அவருடைய பழைய படகுக் கூட்டாளிகள் கயிறும் இரும்புக் குழாய்களும் கொண்டு வந்து, கப்பலைக் கட்டுகிற லாவகத்தில் மெஷினை உருட்டி உள்ளே விட்டார்கள்.

ஓடத் தொடங்கியபோது மாடியில் என் மேசை நடுங்கியது. தேநீர்க் கோப்பை தானாக நடந்து மேசை விளிம்புக்கு வந்தது. கீழே பெண்கள் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் கூடி நின்று, விரிப்புகள் சுழல்வதைப் படம் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ரஹ்மத்தும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சூடு ஆறாத முதல் விரிப்பை உருளையிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முன்னர் பல நாள் இழுக்கும் வேலை அன்று பொழுதுபட முன்னர் முடிந்து, மடித்துக் கட்டி, வானில் ஏறியது.

மனேஜர் நேரில் வந்து தடவிப் பார்த்தார். சீசன் முழுக்க உங்களுக்குத்தான் என்றார். போன வருட விலையே போதும்தானே என்று தொடங்கியவர், அக்காவின் குதிக்கால் திரும்புவதைக் கண்டதும் “கூட்டித் தாறன் அக்கா, கூட்டித் தாறன்” என்றார். மாதம் முடிய முன்னர் மற்ற ஹோட்டல்களும் வந்து சேர்ந்தன. கொழும்புக் கம்பனி வந்த பாதையாலேயே திரும்பிப் போனது.

அந்த வாரம் சம்பளத்தைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்கப் பெண்கள் ரஹ்மத்தும்மாவை முன்னுக்கு அனுப்பினார்கள். அவர் தயங்கித் தயங்கி ஒரு தொகை சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இவ்வளவு குறைச்சுக் கேக்கிறதுக்கு வெக்கமில்லையா உங்களுக்கு? கேக்கத் தெரியாட்டிப் பேசாமல் இருங்கோ, நான் போடுறன்.”

அக்கா ஒரு தொகை சொன்னார். அது கூட என்று ரஹ்மத்தும்மா தர்க்கித்தார். ஒருவர் ஏற்ற, மற்றவர் இறக்க, நெடுநேரம் நடந்தது அந்தப் பேரம். அக்கா தோற்பதைப் பார்க்கலாம் என்று நின்றவர்கள் ஏமாந்துபோனார்கள்.

போன வருடம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. புறப்படுகிற அன்று காலையில் என்னுடைய சட்டைகளைக் காணவில்லை. தேடி இறங்கினால், எல்லாவற்றையும் தோய்த்துத் தேய்த்து, ஹோட்டலுக்குப் போவது போலப் பொதிசெய்து மேசையில் வைத்திருந்தார் அக்கா. “அங்கை கண்டவனும் தேய்க்கிறன் எண்டு போட்டு எரிப்பான்” என்றார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மற்றவற்றையெல்லாம் உடுத்திவிட்டேன். ஒரு சட்டையை மட்டும் அலுமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன். அவர் மடித்த மடிப்பைக் குலைக்க மனம் வரவில்லை.