மாடி வீட்டு ரேடியோவும் நீ கழற்றிய இரண்டு காயில்களும்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். மாடியில் வீட்டுக்காரர் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீதான் என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. சொன்னவர் வானொலி நிலையப் பொறியாளர். செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். ஆதாரமில்லாமல் சொந்த மைத்துனன்மேல்கூடப் பழி போடமாட்டேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது அக்காவின் தையல் மிஷின் மோட்டாரைத் திறந்து துடைத்தாய் அல்லவா? கரண்ட் வரும் ஒயருக்கு ஒன்றாக அதில் இரண்டு செம்புக் கம்பிச்சுருள்கள் இருந்தன. "கரண்ட் நேராப் போகாம எதுக்கு மாமா இப்படிச் சுத்திட்டுப் போகணும்?" என்று இரண்டையும் வெட்டியெடுத்து ஒயர்களை நேராக முறுக்கிவிட்டாய். மிஷின் ஓடியது, நாங்களும் மெச்சினோம், நீ கிளம்பிப் போனாய், மாடியில் ரேடியோ உறுமத் தொடங்கியது, வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கடைசியில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை சரியில்லை என்று நிலையத்துக்கே புகார் எழுதினார், வந்த பொறியாளர் கையில் ஒரு சின்ன ரேடியோவுடன் உறுமல் பெருகும் திசையிலேயே படியிறங்கி, அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அறையில் வந்து நின்றார்.

"பெடல்லேருந்து காலை எடுங்கம்மா."

எடுத்தாள். ரேடியோ தெளிவாகப் பேசியது.

"வைங்க."

உறுமியது.

மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள கார்பன் உரசுறப்போ பொறி பறக்கும் சார். அதுல கிளம்புற கரண்ட் செகண்டுக்கு லட்சக்கணக்குல துடிக்கும். ஒயர் வழியா வெளிய வந்தா ஒயரே ஏரியல் மாதிரி ஆயிடும். மோட்டாரை ஓட்டுற கரண்ட் நிதானமானது, அதைக் காயில் தடுக்காது. இந்தத் துடிக்கிற ஆளைத்தான் வாசல்லயே மறிச்சிடும். இங்க இருந்த ரெண்டு காயிலையும் யாரு பிடுங்கினது? மெக்கானிக்கா?"

"இல்லை. பாசக்காரன்."

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர், "மிஷினை நிறுத்துங்க, இல்லன்னா மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணுங்க" என்றார். நிறுத்தினால் அக்கா ஒப்புக்கொண்ட சீருடைகள் அத்தனையும் நிற்கும். ஆகவே, நீ சாவிக்கொத்தில் மாட்டித் திரிவதாகக் கேள்விப்படும் அந்தச் சுருள்களை உடனே அனுப்பு.

எந்த ஸ்க்ரூ டிரைவரும் கைக்கு எட்டாமல் நீடூழி வாழ்க.

உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது வீட்டுக்காரரின் மனைவி இறங்கி வந்தார். "காயிலைத் திரும்ப மாட்டிடாதீங்க அண்ணே. கல்யாணமான நாள்லேருந்து இப்பத்தான் இவரு அந்தப் பெட்டியை அணைச்சிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசுறாரு. வீடு என் பேர்லதான் இருக்கு. யாரும் காலி பண்ண வேணாம்." எனவே அனுப்பாதே. இந்த முடிவு வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. நாளை மாலை பந்தாட்ட வர்ணனை தொடங்கி, உன் அக்கா பெடலில் கால் வைக்கும்போது தெரிந்துவிடும்.