நெற்றிக் கோட்டுக்காகப் பொய் சொன்னவன்

சுருக்கம் ஒரு பொய்யன். ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவனைப் போல ஒரு பொய்யன் கிடைக்கமாட்டான். அவன் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூலாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அனிமேஷன் கம்பெனி. நான் அங்கே கணக்கு பார்த்தேன். அவன் கணினி முகங்களுக்குச் சுருக்கம் போட்டான். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். கேமரா முன்னால் ஒருவர் முறைத்தால், திரையில் இருக்கும் வழுக்கைத்தலை மீனவர் அதே நொடியில் முறைக்க வேண்டும். நெற்றியில் கோடு விழ வேண்டும். முறைப்பு அடங்கினால் கோடும் மறைய வேண்டும்.

கோடு எப்படி விழுகிறது என்று பார்க்க அவனுக்கு நிஜ நெற்றிகள் தேவைப்பட்டன. அதற்குத்தான் பொய்.

கீழே டயர் கடைக்காரரிடம் போய், "அண்ணே, எதுத்தாப்ல புது டயர் கடை வருதாம் லா" என்பான். மனிதர் பதறுவார். இவன் கைப்பேசியை அவர் நெற்றிக்கு நேரே நீட்டுவான். "அப்படியே இருங்கண்ணே, மேல் கோடு அருமையா விழுது!" அவர் ஸ்பேனரோடு மாடிவரை துரத்தினார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் படம் பிடித்தான். இலையில் கை வைக்கும் முன்பே எழுப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியிடம் மாதம் தவறாமல் ராஜினாமா செய்வான். கடைசியில் அவன் மழை பெய்கிறது என்றால்கூட நாங்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தோம்.

இதற்கிடையில் கம்பெனி படுத்துவிட்டது. சிங்கப்பூர் கேம் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி மீனவரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் எங்களுக்கு வேலை இருக்கும். பிடிக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கேமரா முன்னால் உட்கார என்னைப் பிடித்தார்கள்.

"அக்கா மூஞ்சிலதான் கோவம் சுத்தமா விழுது" என்றான் சுருக்கம்.

அவர் வரும் நாள் விடிந்தது. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, எல்லாம் கண்முன் வந்தது. கோயிலுக்குப் போனேன். பயத்தில் திருநீற்றை அள்ளி மூன்று பட்டையாகப் பூசிக்கொண்டு நேரே வந்து கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

திரையில் மீனவர் நெற்றியில் மூன்று பள்ளம். நான் சிரித்தேன். அவர் வாய் மட்டும் சிரித்தது, நெற்றி பேயைப் பார்த்ததுபோல் நின்றது. கேமரா திருநீற்றையும் சுருக்கம் என்றே எடுத்துக்கொண்டது.

"அலமாக்! தொடைங்க, தொடைங்க!" முதலாளி ஈரத் துணியை நீட்டினார். எந்தச் சாமியை வேண்டிக்கொண்டு வந்தேனோ அந்தச் சாமியையே துடைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூர்க்காரர் உள்ளே வந்தார். என் முகம் மரக்கட்டையாகிவிட்டது. மீனவரும் மரக்கட்டை.

"உயிரே இல்லையே" என்றார் அந்தப் பெண்மணி.

முதலாளிக்கு வேர்த்தது. சுருக்கம் கேமரா பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, உங்க வீட்டு முன்னால வெள்ளமாம்."

"போடா."

"உங்க காரை லாரி இடிச்சிருச்சு."

"வேற சொல்லுடா."

சிங்கப்பூர்க்காரர் பையை எடுத்தார். சுருக்கம் என் பக்கம் குனிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அக்கா, எனக்கு வெளியூர்ல வேலை கெடைச்சிருச்சு. நாளையிலேர்ந்து வரமாட்டேன்."

பொய் என்று என் மூளைக்குத் தெரியும். நெற்றிக்குத் தெரியவில்லை. திரையில் மீனவரின் இடது புருவத்துக்கு மேல் ஒரு கோணல் கோடு ஏறியது. கண்ணோரம் மடிந்தது. கன்னம் துடித்தது. அந்தப் பெண்மணி பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். அப்போதே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"பலே பொய்டா!" என்று அவன் முதுகில் அடித்தேன். அவன் சிரித்தான்.

மறுநாள் அவன் நாற்காலி காலி. அதற்கு அடுத்த நாளும் காலி. தொலைபேசியை எடுப்பதில்லை.

எங்கள் வேலை தப்பியது. மீனவர் இன்றைக்கும் என் கோணல் கோட்டோடு கேமில் வலை வீசுகிறார். டயர் கடைக்காரர் ஸ்பேனரும் கையுமாக, "எங்கம்மா அந்தப் பய?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

டேய் சுருக்கம், அன்றைக்கு அந்த ஒரே உண்மையைச் சொன்னது மீனவரின் நெற்றிக்காகவா, இல்லை என்னிடம் விடைபெற உனக்கு வேறு வழி தெரியவில்லையா? பதிலை இதே பத்திரிகையில் எழுது. எல்லாரும் படிக்கட்டும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.