சர்வேயர் தைத்த மேல்சட்டை

மனைவிக்குத் தன் கையாலேயே ஒரு மேல்சட்டை தைத்துத் தருவது என்று சர்வேயர் முடிவெடுத்தார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது அந்த முடிவைச் சற்றும் அசைக்கவில்லை.

காரணம் இருந்தது. ஒரு மேட்டு நிலத்தை அளக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவர் அவர். கட்டுப் போட்டுக் கிடந்த காலமெல்லாம் தலை துவட்டி, முதுகு தேய்த்து, நடக்கத் தோள் கொடுத்து, இலவச இணைப்பாக அவருடைய முனகலையும் கேட்டுக்கொண்டவள் மனைவி. ஒரு நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறப்பார். "காபி இருக்கா?" என்றுதான் வரும். வாய் ஒத்துழைக்காததால் கையை நம்பினார்.

தையல் சாமான் கடையில் 'புதிதாகத் தைப்பவர்களுக்கு' என்று போட்டிருந்த ஒரு பேட்டர்ன் உறையை, அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரித்தாள் அடங்கிய உறையை, வாங்கி வந்தார். உள்ளே இருந்த தாளை விரித்தால் மேசை போதவில்லை. தரைக்கு வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கோடுகள். முழுக்கோடு, விட்டு விட்டு ஓடும் கோடு, புள்ளிக்கோடு என்று ஒவ்வொன்றும் ஓர் அளவாம்.

"அட, இது நம்ம மலை வரைபடம் மாதிரிதானே!" என்று குதூகலித்தார். ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எந்தக் கோட்டில் ஏறுவது? ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவருக்கு வீட்டில் இருப்பவளின் அளவு தெரியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். அன்று மாலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய்க் கட்டிப்பிடித்தார்.

"என்னங்க திடீர்னு?"

"சும்மா... அன்பு."

"அன்புக்கு எதுக்கு உதடு முணுமுணுக்குது?"

"அளவில்லாத அன்புன்னு சொல்லிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, கைகளை அதே வட்டத்தில் விறைப்பாக நிறுத்தி, கதவைத் தோளால் தள்ளி, படுக்கையறைக்குப் போய் அந்த வட்டத்துக்குள் தலையணையைச் செருகினார். பிறகு தலையணையை டேப்பால் அளந்தார்.

உறையில் இருந்த அட்டவணைப்படி அது பதினாறாம் எண். அவள் கடையில் வாங்கிய சட்டைகளிலோ பன்னிரண்டு. கடை எண் வேறு, பேட்டர்ன் எண் வேறு என்பது புதிதாகத் தைக்க வந்தவருக்கு எப்படித் தெரியும்?

'பதினாறா! இதை அவகிட்ட சொன்னா அடுத்த காலும் போச்சு' என்று உயிருக்குப் பயந்து பன்னிரண்டையே தேர்ந்தெடுத்தார்.

மாடி வீட்டுக்காரியிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் இருந்தது. காலையில் மனைவி நூலகத்து வேலைக்குப் போவாள். கட்டுப் பிரித்தும் விடுப்பு தீராத இவர் நூலோடு மாடிக்குப் போவார். முதல் நாளே பேட்டர்ன் தாளில் கத்தரிக்கோலை வைத்தார். மாடி வீட்டுக்காரி அலறினாள்.

"ஐயோ அண்ணே, தாளை வெட்டாதீங்க! ஒரு அளவை வெட்டினா மத்த அளவெல்லாம் போயிடும். மேல மெல்லிசு தாளை வச்சு உங்க கோட்டை மட்டும் படியெடுங்க."

"எது என் கோடு?"

"அண்ணிக்கு எந்த அளவு?"

"அது ராணுவ ரகசியம்மா."

"வீட்ல வெட்டியா இருக்கறவங்க வெட்டட்டும், வேணாங்கல. பார்த்து வெட்டுங்க அண்ணே."

படியெடுத்தார். அக்குள் வளைவில் ஏழு கோடுகளும் நெருங்கிப் பின்னிக்கொள்ளும் இடத்தில் பென்சில் தடம் மாறிவிட்டது. பன்னிரண்டில் கிளம்பியவர் பதினெட்டில் போய் இறங்கினார். அது தெரியாமலே வெட்டி, நாள்கணக்கில் மிதித்துத் தைத்து முடித்தார். தூக்கிப் பார்த்தால் தோள் பொம்மைக்கு, இடுப்பு கூடாரத்துக்கு. இரண்டு கையும் இடது கை.

சர்வேயர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ எனக்கு எவ்வளவு செஞ்சா! என்னால ஒரு சட்டை ஒழுங்கா தைக்க முடியலையேம்மா."

"இஸ்திரி போட்டா எல்லாம் சரியாயிடும் அண்ணே. வச்சிட்டுப் போங்க."

இஸ்திரிக்கு அவ்வளவு சக்தியா என்று சந்தேகம்தான். இருந்தாலும் நம்புவது சுகமாக இருந்தது.

விடுமுறை நாள் காலையில் மாடியிலிருந்து வந்த பொட்டலத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் கச்சிதம். இடுப்பு அதைவிடக் கச்சிதம். ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றாள்.

சர்வேயர் பூரித்தார். பூரித்த வேகத்திலேயே சுருங்கினார்.

"பாக்கெட்டா? நான் பாக்கெட்டே வைக்கலையே!"

"மறந்துட்டீங்க. நான் வச்சேன்."

"நீயா?"

"இஸ்திரி போட்டதே நான்தாங்க. மேல் பாதியைப் பிரிச்சுட்டு, மிச்சத் துணியில பதினாறுல வெட்டிச் சேர்த்து, இடுப்பையும் பிடிச்சுத் தச்சேன்."

"பதினாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் அளவு எனக்குத் தெரியாதா? புருஷன் தலையணையைக் கட்டிப்பிடிச்சு டேப் சுத்தறதைப் பார்த்தேன், அப்புறம் நீங்க தினமும் போற மாடிக்கே போய் விசாரிச்சுட்டேன். தையலுக்குத் தெரியாம தையலாங்க?"

"அப்போ நான் தச்சது ஒண்ணுமே இல்லையா?"

அவள் சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அங்கே ஒரு தையல் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல அலைந்து ஓடியது.

"இது முழுக்க உங்களோடது. பிரிக்க மனசு வரல."

சர்வேயர் அந்தத் தையலை விரலால் தடவினார். இத்தனை நாள் முரண்டு பிடித்த வாய் அப்போதுதான் வழிக்கு வந்தது. "கால் உடைஞ்சதுலேருந்து சொல்லணும்னு நெனைச்சேன். நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ. நன்றிம்மா."

அவள் பாக்கெட்டிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வேயருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார். "இரு, அடுத்த சட்டையை நான் தனியாவே தைக்கிறேன். நாளைக்கே ஆரம்பிக்கிறேன். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!"

"நாளைக்கு உங்களுக்கு எங்கேங்க நேரம்?" என்றாள் மனைவி. "மெஷினை அந்த மிதி மிதிக்கிறாரு, கால் பூரணமாக் குணமாயிடுச்சுன்னு உங்க ஆபீசுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன், காலையில டியூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க."