நீல லாரிக்கு எந்த ரத்தம்?

வியாழக்கிழமை என்றால் பஞ்சாபில் எங்கள் கன்னா ஊர் லாரிப்பேட்டையில் டீ கிடைக்காது. டீ போடுகிறவனும் லாரிகளுக்குக் கண் கழிக்கிற மினுக்கு பாபாவின் வரிசையில் நின்றுகொண்டிருப்பான். என் பேட்டரிக் கடையைத் தாண்டி, எடைமேடை வரைக்கும் லாரிகள். முக்கால்வாசி சிவப்பு முகப்பு. எங்கள் பஞ்சாபிகளுக்குக் கல்யாணப் பெண்ணும் லாரியும் சிவப்பாக இருந்தால்தான் திருப்தி.

வர்ணம் ஏன் மங்குகிறது? வெயில், தூசி, கழுவாத சோம்பேறித்தனம் என்று சொன்னால் நீங்கள் நாத்திகர். பொறாமைக் கண் என்று சொன்னால் நீங்கள் பாபா. பம்பரில் பழைய செருப்பு, ஓரத்தில் கருப்புக் குஞ்சம், முதுகில் 'கெட்ட கண்ணே, உன் முகம் கருகட்டும்' என்று எழுத்து. இவ்வளவு காவலையும் தாண்டி வருகிற கண்ணாம்! பலே கண்தான்.

பாபா செய்யும் அற்புதம் எளிது. சாம்பலை எண்ணெயில் குழைத்து, வெள்ளைத் துணியில் தொட்டு, சிவப்புக் கதவில் அழுத்தித் தேய்ப்பார். துணி சிவந்துவிடும். தூக்கிக் காட்டுவார்.

"பாருங்கடா, கண்ணோட ரத்தம்!"

கூட்டம் பயந்து காதைத் தொட்டுக்கொள்ளும். அப்புறம் காணிக்கை. அப்புறம் உத்தரவு: "அடுத்த வியாழன் வரைக்கும் தண்ணி படக்கூடாது, மெழுகு போடக்கூடாது. மந்திரம் போயிடும்."

குர்மேல் சிங் அசாம் வரைக்கும் தனியாக லாரி ஓட்டிப் போகிற ஆள். பாபா முன்னால் மட்டும் ஸ்டியரிங்கை விட்டுவிடுவான். வாராவாரம் தேய்த்ததில் அவன் லாரிக் கதவில் சிவப்பு கரைந்து, அடிப்பூச்சு பல்லிளித்தது. பின்பலகையில் எழுதியிருந்த மகள் ஜஸ்லீனின் பெயர் பாதி அழிந்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு வியாழன் அவன் முறை வந்தபோது பாபா கண்ணை மூடிக்கொண்டார்.

"மகனே, இது ரத்தம் நிக்காத வண்டி. வெச்சிருந்தா பழி உன் மக மேல திரும்பும். கெடைச்ச வெலைக்குத் தள்ளிடு. என் மச்சான் பிட்டு நல்ல மனசுக்காரன், அந்தப் பழிய அவன் ஏத்துக்குவான்."

பிட்டு தயாராகப் பக்கத்திலேயே நின்றான். ஏற்கெனவே இப்படி ஏற்றுக்கொண்ட சில பழிகள் கோதுமை மூட்டை ஏற்றி அவனுக்கு நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அந்த லாரி போனால் குர்மேல் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தும் மகளை நினைத்து, அழுதுகொண்டே சாவியை நீட்டினான். ரொட்டித் தூக்கோடு வந்த அவன் மனைவி ஹர்பன்ஸ் கௌர் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"கொஞ்சம் பொறுங்க சர்தார்ஜி. பாபா ஜி, நீல லாரிய நீங்க ஏன் தேய்க்கறதே இல்ல?"

"நீலத்த கண்ணு அண்டாது பீபி."

"அப்ப தேச்சா துணி வெள்ளையாவே இருக்கும்ல?"

பாபா வாயைத் திறப்பதற்குள் ஒரு புதுத் துணியையும் சாம்பல் தட்டையும் எடுத்துக்கொண்டு போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஜீத்தாவின் பழைய நீல லாரியைத் தேய்த்தாள். துணி நீலமானது.

பாபா துணியை உற்றுப் பார்த்தார். "அது... பேயோட ரத்தம். பேய்க்கு நீலம்."

ஜீத்தா சிரித்துவிட்டான். "எங்க வீட்டு வாசக்கதவு பச்ச, பாபா ஜி. அதுல என்ன வரும், கடுகுக் கீரையா?"

கூட்டத்தில் அங்கங்கே சிரிப்பு. ஹர்பன்ஸ் நிற்கவில்லை. பாபாவின் தாயத்துகள் தொங்கும் சிவப்பு மோட்டார் சைக்கிளுக்குப் போய், துணியின் மறுபக்கத்தைச் சாம்பலில் தொட்டு டேங்கில் அழுத்தித் தேய்த்தாள். அந்தப் பக்கம் சிவந்தது.

"ஐயோ, உங்க வண்டிக்கும் ரத்தம் நிக்கலியே! கெடைச்ச வெலைக்குத் தள்ளிடுங்க பாபா ஜி. அந்தப் பழிய நான் ஏத்துக்கறேன்." மறுபடியும் தேய்த்தாள்.

பாபா பாய்ந்து வந்தார். "ஏய், தேய்க்காத! பெயிண்ட் போயிடும்!"

வரிசை கலைந்து எல்லோரும் மோட்டார் சைக்கிளைச் சுற்றிக் கூடினார்கள்.

"கேட்டுக்கங்க," என்றாள் ஹர்பன்ஸ். "உங்க வண்டின்னா ரத்தம், அவரு வண்டின்னா பெயிண்ட். வெயில்ல காஞ்ச பெயிண்ட்ட சாம்பல் போட்டுத் தேச்சா நெறந்தான் வரும். நான் தெனம் பாத்திரம் தேய்க்கறவ, எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு தங்கள் லாரியின் பம்பரில் தொங்கிய பழைய செருப்பை அவிழ்த்தாள். இத்தனை வருஷம் எந்தக் கெட்ட கண்ணையும் விரட்டாத செருப்பு, அன்றைக்கு ஒரு பாபாவையும் ஒரு மச்சானையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பியது.

குர்மேல் தலை குனிந்து நின்றான். அவள் அவன் கையில் வாளியைக் கொடுத்தாள். "மொதல்ல கழுவுங்க. அப்புறம் மெழுகு போடுங்க. எம்பொண்ணு பேர புதுசா எழுதச் சொல்லுங்க."

அவன் கழுவினான். மந்திரம் எதுவும் போகவில்லை, அழுக்குதான் போனது.

பாபா இந்நேரம் வேறு பேட்டையில் துணி விரித்திருப்பார். வெள்ளை லாரிகள் நிற்கிற பேட்டையாக இருக்காது, அந்த அளவுக்கு அவர் யோசிப்பார். நீங்களும் கொஞ்சம் யோசியுங்களேன். வர்ணம் போனால் பட்டறையில் பூசித் தருவார்கள். புத்தியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு எந்தப் பட்டறைக்குப் போவீர்கள்?