பச்சை டீமுக்கு நான் போட்ட மேப்

எழுதப் படிக்கத் தெரியாத பசங்கதான் படத்த ஒழுங்கா படிக்கும். இந்த ஞானம் எனக்கு அலிபிரி அடிவாரத்துல, செருப்பு அறுந்து வெறுங்கால்ல ஓடும்போது வந்துச்சு. (ஞானம் வர்றதுக்கு அதவிட நல்ல எடம் இல்லதான். ஆனா வெயில் நேரம்.)

அப்போ நான் டிகிரி முடிச்ச புதுசு. எங்க நாகலாபுரம் சொந்தத்துலயே மொத டிகிரி, அந்தத் திமிரு தனி. கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் ப்ளைட் ஏறிக்கினு இருந்தான். ஹிஸ்டரி படிச்ச நான் பஸ் ஏறி திருப்பதிக்குப் போய், புதுசா தொறந்த ஒரு ப்ளே ஸ்கூல்ல சேந்தேன். ட்ரையல்தான். நைனா தெளிவா சொல்லிட்டாரு: "பர்மனென்ட் ஆவலன்னா மாம்பழ ஜூஸ் பேக்டரிக்கு வந்துடு. மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிக்கிறேன். கொட்ட எடுக்கிற வேல. படிச்சவனுக்கும் குடுப்பாங்களாம்."

ஸ்கூல் மேடம் கொஞ்ச நாள் அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவங்க. அங்க சின்னப் பசங்க பார்க்ல ட்ரெஷர் ஹண்ட் ஆடுதாம். புதையல ஒளிச்சி வெச்சி, வழிய படமா போட்டு கையில குடுத்து, போய்க் கண்டுபிடின்னு வுடுறது.

"ஏமய்யா, மேப்ல எழுத்தே இருக்கக்கூடாது. ஒன்லி பிக்சர்ஸ்"ன்னாங்க மேடம். "சனிக்கிழம பேரன்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. நல்லா பண்ணினா நீ பர்மனென்ட் ஆக்டிவிட்டி சார். லேதா..." அதோட நிறுத்திட்டாங்க. இல்லாட்டி என்னன்னு நைனாதான் சொல்லிட்டாரே.

"மேடம், மேப்லாம் நமக்கு ஜுஜுபி"ன்னேன்.

மலைப்படி ஆரம்பிக்கிற அலிபிரிகிட்ட ஒரு பார்க். செவப்பு டீம் மேப்ப மேடமே போட்டாங்க. பச்சை டீமுக்கு நான். பச்சை சார்ட்ல மொதல்ல ஊஞ்சல் போட்டேன். வெள்ளையில U மாதிரி சங்கிலி, நடுவுல செவப்புச் சட்ட போட்ட பையன். பையன் கொஞ்சம் ஒல்லியா வந்துட்டான். உண்மைய சொன்னா, ஒரு கோடு. அடுத்து சறுக்குமரத்துப் படிக்கட்டு. பேப்பர்ல எடம் மிச்சம் இருந்துச்சேன்னு படிய நீட்டிக்கினே போனேன். அப்புறம் மூலையில கொட்டி வெச்ச மணல் மேடு. ஒரே மேடா போட்டா இட்லி மாதிரி இருந்துச்சி, அதனால பக்கத்துல இன்னும் நாலஞ்சு மேடு. உச்சியில புதையல், அதாவது தங்க பேப்பர் சுத்துன சாக்லேட். மஞ்சளா உருண்ட உருண்டயா போட்டேன். எக்ஸ் மார்க் வேணாம், பசங்க தப்புன்னு நெனைக்கும்னு மேடம் சொன்னதால, உருண்டைங்கள சுத்தி ஒளிவட்டம் போட்டேன். (கலைஞன் இல்லையா!)

ஊரு திருப்பதி. உங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல.

சனிக்கிழம பேரன்ட்ஸ் எல்லாம் ஷாமியானா கீழ உக்காந்து கூல்டிரிங்க் குடிச்சிக்கினு இருந்தாங்க. புதையல் கெடைக்கிற நேரம் போட்டோ புடிக்கணும்னு மேடம் ஆர்டர். நான் கேமராவோட மணல் மேட்டுக்குப் பின்னாடி குந்திக்கினு இருந்தேன். செவப்பு டீம் அந்தப் பக்கம் முடிச்சி சாக்லேட்டும் துன்னுடுச்சி. என் டீம காணோம். என் சாக்லேட்ட எறும்புதான் கண்டுபுடிச்சிருந்துச்சு.

கேட்டுக்கு ஓடினேன்.

"பச்ச பேப்பர் வெச்சிருந்த பசங்களா? அதோ மலைக்குப் போச்சே"ன்னாரு வாட்ச்மேன்.

"யோவ், கேட்ட தொறந்து வுட்டியா?"

"நாமம் போட்ட மேப் சார்! கும்பிட்டுட்டு நான்தான் வழி சொன்னேன். ஏர்பேட்டுக் குடும்பம் ஒண்ணு நடந்து போய்க்கினு இருந்துச்சி, அதோட சேத்து அனுப்பிச்சேன். நீதான வரைஞ்சே? லட்டு தத்ரூபம்."

அப்புறம் ஓடினேன் பாருங்க, காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேல அப்படி ஓடியிருந்தா ரயில்வேல வேல கெடச்சிருக்கும். வேலயாவது மண்ணாவது, பசங்க கெடச்சா போதும்னு வேண்டிக்கினு ஓடினேன்.

படிக்கட்டு ஆரம்பிச்சி கொஞ்ச தூரத்துல பச்சை டீம். எல்லா நெத்தியிலயும் குங்குமம். "கோவிந்தா! கோவிந்தா!" முன்னாடி என் மேப்ப கொடி மாதிரி தூக்கிக்கினு அலமேலு. யூகேஜி. அவ அப்பாவுக்கு மேல கோயில்ல கைங்கர்யம்.

"அலமேலு! எங்க போற?"

"லட்டு எடுக்க சார். இது எங்கப்பா ஆபீஸ். நேக்கு வழி தெரியும். நீங்க ஏன் அழறேள்?"

"வேர்வ அது. கீழ வா. புதையல் பார்க்லதான் இருக்கு."

"படத்துல மலைதானே இருக்கு?"

கையப் புடிச்சி இழுத்தேன். கூட வந்த ஏர்பேட்டு அம்மா என்ன புடிச்சிக்கிச்சு. "ஏம்பா, மலையேறுற கொயந்தைங்கள பாதில இட்டுனு போறியே, நீ நல்லா இருப்பியா? யாருய்யா நீ, புள்ள புடிக்கிறவனா?"

"நான் ஆக்டிவிட்டி சார்மா!"

"அப்டின்னா?"

அது எனக்கே தெரியாது. சுத்திக் கூட்டம் சேந்துடுச்சி. ஒருத்தர் என் காலர புடிச்ச நேரம், கீழேருந்து மேடம், பின்னாடியே பேரன்ட்ஸ் கூட்டம். வரிசையா எண்ணிப் பாத்தோம், எல்லாம் இருந்துச்சு. நான் கண்ண மூடிக்கினேன். மூக்குல மாம்பழ வாசன.

அலமேலுவோட அப்பா நேரா என்கிட்ட வந்தாரு. "ரெண்டு வருஷமா கெஞ்சறேன் சார், ஜீப்பில்லாம மலையேற மாட்டேன்னு ஒரே அடம். இன்னிக்கு அவளா நடக்கறா! எப்படிப் பண்ணேள்?"

நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள மேடம் முந்திக்கிட்டாங்க: "அதே மா ஸ்கூல் கான்செப்ட் சார், எங்க ஸ்கூல் கான்செப்ட்!"

அடுத்த வருஷ நோட்டீஸ்ல என் மேப்தான் அட்டப்படம். அட்மிஷனுக்கு கேட் வரைக்கும் க்யூ. பேரன்ட்ஸ் கேட்டதால, வருஷாவருஷம் பசங்க படியேற்றதுதான் இனிமே ட்ரெஷர் ஹண்ட்டாம். சம்பளம் ஏறும்னு தலைய வாரிக்கினு மேடம் ரூமுக்குப் போனேன்.

"ஐடியா சூப்பர் பாபு"ன்னாங்க. "ஆனா மலைக்குப் போறதுக்கு மேப் எதுக்கு? எல்லாருக்கும் வழி தெரியுமே."

ரெண்டு சீசன் மாங்கொட்ட எடுத்தேன். அப்புறம் பெங்களூர். அமெரிக்கா ரோட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல வரையிற கம்பெனி, இப்ப அங்கதான் குப்ப கொட்டிக்கினு இருக்கேன். (எவனாவது வழி தப்பினா காலர புடிக்க கடல் தாண்டி வரணும்.)

போன மாசம் எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சாங்க. பொண்ணு வூட்ல எங்க வூட்டுக்கு வழி கேட்டாங்க. நான் தொழில் பழக்கத்துல ஒரு பேப்பர எடுத்து பேனாவ தொறந்தேன். நைனா லபக்குன்னு பேனாவ புடுங்கிட்டாரு.

"நீ சும்மா இருடா. அப்புறம் சம்பந்தி வூடே மொட்ட அடிச்சினு வந்து நிக்கும்."