டர்போ பாயும் எட்டுக் குடம் நல்ல தண்ணியும்

சவூதியிலிருந்து ஊர் திரும்புகிறவர்களில், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் பயப்படுகிறவர்கள் உண்டு, எரிச்சல் படுகிறவர்கள் உண்டு. பூரித்துப் போனவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாளையம்பட்டியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கும் டீக்கடைக்கும் தபால்காரருக்கும் அவர் டர்போ பாய்.

பன்னிரண்டு வருஷம் அங்கே ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கடைசியாக ஊர் வந்தபோது எல்லோரையும் போல அவரும் ஒரு கம்பளி கொண்டுவந்தார். கம்பளிக்குள் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஓர் இரும்புச் சாமான். அடிபட்ட பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய டர்போ.

"என்ன இது?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"டர்போ சார். இஞ்சின் கக்குற புகையிலயே காத்தாடியாச் சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள ஊதும். சின்ன இஞ்சினும் பெரிய இஞ்சின் கணக்கா இழுக்கும்."

"உங்களுக்கு எதுக்கு?"

"உழுகுறதுக்கு."

அதிகாரி பெட்டியை அவரே மூடிக் கொடுத்துவிட்டார். சென்ட் பாட்டிலை எதிர்பார்த்து வீட்டில் காத்திருந்த மச்சான்தான் பாவம், கிரீஸ் வாசனையோடு திரும்பிப் போனார்.

நான் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாய் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடுப்பளவுச் சுவர். என் எடையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கதைக்கு வேண்டியிருக்கிறது. தொண்ணூற்றெட்டு கிலோ.

ஊர் வந்த கையோடு பாய் ஒரு குட்டி டிராக்டரை வாங்கி முற்றத்தில் நிறுத்தினார். தென்னந்தோப்பில் மரங்களுக்கு நடுவே ஓட்டுகிற சாதி. நம் பக்கமோ கரிசல். நனைந்தால் களி, காய்ந்தால் கல். அதில் கலப்பையை இறக்கினால் பாவம் அந்தக் குட்டி, இருமிவிட்டு நின்றுவிடும். "ஏன் பாய், இது டிராக்டரா? இல்ல, டிராக்டர் போட்ட குட்டியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். பாயும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அவருக்கு அது சிரிப்புச் சமாசாரம் இல்லை. பழைய முதலாளி அரபி மறுபடியும் விசா அனுப்பியிருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒருநாள் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"சார், ஐப்பசி மழைக்கு இந்த வண்டி கரிசல்ல அஞ்சு கொத்துக் கலப்பைய இழுத்துருச்சுன்னா உழவு வேலைக்குக் குறையில்ல, நான் போக மாட்டேன். இழுக்கலைன்னா பொட்டியக் கட்ட வேண்டியதுதான். எம் மக பொறந்ததையும் போன்லதான் பாத்தேன், மொதமொத என்னை 'அத்தா'ன்னு கூப்பிட்டதையும் போன்லதான் கேட்டேன். போதும் சார்."

அவர் மனைவி மைமூன் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சட்டையை மூன்று தடவை உதறினார்.

அன்றைக்கு ஆரம்பித்த டர்போ வேலை ஒரு மாதம் நடந்தது. சைலன்சர் பைப்பை அறுத்து டர்போவை உட்கார வைத்தார். அதற்கு ஆயில் போக ஒரு பழைய பிரேக் குழாய், ஆயில் திரும்பி வர ஒரு ரப்பர் குழாய். காற்றுக் குழாயில் கசிவு என்றார், மறுநாள் மைமூனின் குக்கர் கேஸ்கட்டைக் காணோம். அதற்கடுத்த வாரம் எங்கள் வாஷிங் மெஷின் குழாயைக் காணோம். தேடிக்கொண்டு சுவரை எட்டிப் பார்த்தால் அது டிராக்டரில் இருக்கிறது.

"எடுத்ததுக்கு மன்னிக்கணும் சார். ஆனா அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துருச்சு பாருங்க!"

அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? "நல்லா இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் நான் திட்டு வாங்கினேன்.

"காத்து மட்டும் கூடுனாப் பத்தாது சார், காத்துக்குத் தக்கன டீசலும் கூடணும்" என்று டீசல் பம்பின் ஸ்குருவை அரைச் சுற்றுத் திருகினார். அன்று என் வெள்ளைச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. புகை அடங்கியபோது என்னிடம் வெள்ளைச் சட்டை என்று எதுவும் மிச்சம் இல்லை.

டர்போ முதன்முதலாக விசில் அடித்த நாளை அந்தத் தெரு மறக்காது. மெல்லிசாக, இழுத்து, வெட்கப்படுகிற மாதிரி ஒரு விசில். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தார். நாங்கள் கை தட்டினோம். தட்டி முடிப்பதற்குள் இஞ்சின் தன்பாட்டுக்கு வேகம் எடுத்தது.

ஆயில் திரும்பி வருகிற ரப்பர் குழாய் மடங்கிவிட்டது. போக வழியில்லாத ஆயில் காற்றோடு சேர்ந்து இஞ்சினுக்குள் போக, அது தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடுகிறது. பாய் சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. டீசலை மூடினார், அப்போதும் நிற்கவில்லை. முற்றமே அதிர்கிறது, புகையில் எதிர்வீடு தெரியவில்லை. "வெடிக்கப் போகுது, ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். என் எடைக்கு நான் அன்று ஓடிய ஓட்டம் எனக்கே ஆச்சரியம்.

திரும்பிப் பார்த்தால், புகைக்குள்ளே மைமூன். கையில் சஹன், அதுதான் அவர்கள் வீட்டு விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. அதைக் கொண்டுபோய்ப் பளாரென்று காற்று போகிற வாயில் வைத்து அழுத்தினார். இஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றது.

"உனக்கு எப்படிம்மா இது தெரியும்?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருசமாப் போன்ல வேற என்னண்ணே பேசுனாக? மத்த வீட்டு ஆம்பளைக சாப்பிட்டியா தூங்குனியான்னு கேப்பாக. இவுக, இஞ்சினு கட்டுக்கடங்காம ஓடுனா எதை அடைக்கணும்னு கேப்பாக. சரியாச் சொன்னாத்தான் போனை வைப்பாக."

முகமெல்லாம் கரியோடு நின்ற பாய், "ஒரு தடவ கூடத் தப்பாச் சொன்னதில்ல சார்" என்றார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

குழாயை மாற்றினார். ஐப்பசியில் மழையும் விழுந்தது. ஊருக்கு வெளியே கரிசல் புஞ்சை வைத்திருந்த சங்கையா, "வந்து ஓட்டிப் பாருங்க பாய்" என்று பெரிய மனசு பண்ணினார். நானும் கூடப் போனேன்.

கலப்பையை இறக்கினார். விசில் அடித்தது, இஞ்சின் உறுமியது, இந்தத் தடவை இருமவே இல்லை. ஆனால் வண்டி நகரவில்லை. பின் சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றிக் களிக்குள் இறங்கின.

"கோவிச்சுக்காதீக பாய். வண்டி உழுகல, கெணறு வெட்டுது" என்றார் சங்கையா.

"சார், ஏறுங்க!" என்றார் பாய். நான் இடது மட்கார்டில் உட்கார்ந்தேன். என் பக்கத்துச் சக்கரம் மண்ணைப் பிடித்தது, அந்தப் பக்கத்துச் சக்கரம் சும்மா சுற்றியது. ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றுவிட்டது.

"வலது பக்கத்துக்கு இன்னொரு வாத்தியாரு வேணும்" என்ற சங்கையா, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்குறேன் பாய். அதுக்கு மேல பெரிய வண்டியக் கூப்பிட்ருவேன். ஈரம் காஞ்சு போச்சுன்னா எனக்கு வெதப்பு போச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் பாய் யோசித்தார். "தெம்பு வந்துருச்சு சார். வெயிட்டு வரல. பின் டயருக்குள்ள தண்ணிய அடைச்சா வெயிட்டு கெடைக்கும். பெரிய வண்டிகளுக்கே அப்படித்தான் செய்வாக. ரெண்டு டயருக்கும் எட்டுக் குடம் போதும்."

எங்கள் தெருவில் இரண்டு தண்ணி. போர் குழாயில் உப்புத்தண்ணி எப்போதும் வரும். நல்ல தண்ணி அதற்கு மனசு வந்தால் வரும், வந்த அன்றைக்குப் பிடித்ததை டிரம்மில் ஊற்றி மூடி வைத்துக் காவல் காப்போம். "உப்புத்தண்ணியே ஊத்துங்களேன் பாய்" என்றேன். "ரிம்மு துருப்பிடிச்சுரும் சார். நல்ல தண்ணிதான் வேணும்" என்றார். மழைத் தண்ணியைப் பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மழை பெய்தபோது பாய் குடத்தையா தேடினார்? டிராக்டர் சாவியை அல்லவா தேடினார்!

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எதிர்வீட்டு மாரியம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏன் பாய், மனுசருக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், ஒங்க டயருக்குத் தாகம் எடுக்குதோ? இன்னொரு வாட்டி குடத்தோட வாங்க, சொல்றேன்!"

பாய் காலிக் குடத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் அப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அரபிக்கு வாரேன்னு சொல்லிர வேண்டியதுதான் சார்" என்றார்.

அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். மைமூன் வெளியே வந்தார். தண்ணீர் விஷயத்தில் அவரைப் போலக் கறார் தெருவிலேயே கிடையாது, மகள் ஒரு டம்ளர் சிந்தினால் வீடு ரெண்டுபடும். அவர் போய் நீல டிரம்மின் மூடியைத் திறந்து ஒரு குடத்தை முக்கினார்.

"பிடிங்க."

"குடிக்கிறதுக்கு?"

"உப்புத்தண்ணியக் காச்சிக் குடிச்சுக்கிறேன். பிடிங்கங்கிறேன்ல!" பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாலாவது குடத்தில் டிரம் காலி. என் மனைவி என்னைக் கேட்காமலே சுவருக்கு மேலாக இரண்டு குடம் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் பார்த்தால் மாரியம்மாள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வருகிறார். "ரெண்டுதான். மூணாவது கேட்டா நடக்கிறதே வேற" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார். டயரின் வால்வில் ஒரு குழாயைச் சொருகி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினோம்.

காலையில் சங்கையா புஞ்சையில் கலப்பை இறங்கியது. சக்கரம் ஒருமுறை மண்ணைக் கவ்வியது. அவ்வளவுதான், குட்டி கிளம்பிவிட்டது. பின்னால் அஞ்சு சால் கறுப்பாகப் புரண்டு வந்தது. பாய் முன்னால் பார்க்கவே இல்லை, திரும்பித் திரும்பிப் பின்னால் புரளுகிற மண்ணையே பார்த்து ஓட்டினார். "வரப்பு வருது பாய்!" என்று நான்தான் கூடவே ஓடிக் கத்தினேன். மூன்று சுற்று வரை வரப்பிலேயே நின்று பார்த்த சங்கையா, "வடக்குப் புஞ்சையையும் முடிச்சுட்டே போயிருங்க பாய்" என்றார்.

பாய் வண்டியை விட்டு இறங்கி, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போன் போட்டார். பேசியது முழுக்க அரபியில். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. எல்லாம் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மைமூன் வாசலில் நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றார் பாய்.

"என்னன்னு?"

"வரலைன்னு."

"சரி, கையக் கழுவுங்க. சோறு ஆறுது" என்று மைமூன் சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்த்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

நான் மதுரைக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. கொஞ்சம் மேகம் கூடினாலும் போதும், போனை எடுத்துவிடுகிறேன்.

"பாய், ஊர்லதான இருக்கீக?"

"பின்ன எங்க சார் போகப்போறேன்?"

கேட்க வேறு சேதி ஒன்றும் என்னிடம் இருப்பதில்லை. அந்த ஒரு பதிலைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்.